பாடகர் இல்லாத கச்சேரி: தனிப் பியானோவை எப்படிக் கேட்பது?

2019 மார்ச்சில் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பத்து லட்சம் டாலர் பரிசு வென்றது நினைவிருக்கும். அப்போது அவருக்குப் பதிமூன்று வயது. ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு பறக்கும் துண்டை முதலில் நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்தில் வாசித்தார். பிறகு மெட்ரோனோமை 325-க்கு ஏற்றிவிட்டு மறுபடி வாசித்தார். அந்த வீடியோ வாட்ஸப்பில் வராத தமிழ்க் குடும்பமே இல்லை. தமிழர்களில் பெரும்பாலோர் ஆயுளில் முழுதாகக் கேட்ட ஒரே தனிப் பியானோ அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

பையனின் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தை வைத்து, பியானோ என்றால் விரல் வேகம் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். அதே மேடைக் கருவியில் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஷூபர்ட், ஷோப்பான், ஷூமான், லிஸ்ட் என்று வாசித்தால், நம்மில் பலர் பத்தாவது நிமிடத்தில் போனை எடுத்துவிடுவோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான். எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதிப் பார்க்கிறேன்.

வேலை நிமித்தமாக நான் இப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருக்கிறேன். இங்கே பியானோ கிடையாது. கீழே இறங்கிக் கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி என்று போனாலும் கச்சேரிக்கு வைக்கிற பெரிய பியானோ எதையும் நான் பார்த்ததில்லை. சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டுதான் கேட்பது. சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் புத்தகம் படிக்க வருவார்கள். ஒருநாள் சின்ன ஸ்பீக்கரில் ஒரு முழுக் கச்சேரியின் பதிவைப் போட்டுவிட்டேன். கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்ட ஒரு பொண்ணு கேட்டாள்: "சார், பாட்டு எப்ப சார் ஆரம்பிப்பாங்க?"

ரொம்பச் சரியான கேள்வி. நம் காதுக்கு இசை என்றால் பாட்டு. கருவி அந்தப் பாட்டைத் தொடர்ந்து வரும். வீணையில், புல்லாங்குழலில் வாசிப்பதுகூடப் பெரும்பாலும் ஒரு கீர்த்தனையைத்தான். சாகித்யம் தெரிந்தவர் உள்ளுக்குள் பாடிக்கொண்டே கேட்பார். இங்கே சாகித்யமே கிடையாது. மெண்டல்சன் தன் சின்னச் சின்னப் பியானோ உருப்படிகளுக்கு 'சொற்கள் இல்லாப் பாடல்கள்' என்றே பெயர் வைத்தார். பாட்டு முதல் நொடியிலேயே ஆரம்பித்துவிட்டது, பாடுகிறவர்தான் இல்லை.

இதில் பெரிய வேடிக்கை, பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத கருவி ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு ஆர்மோனியப் பெட்டி தெரியும். துருத்தியை அமுக்குகிற வரை சத்தம் நிற்கும். ஆனால் ஒரே நேரத்தில் அழுத்திய நாலு கட்டையில் ஒன்றை மட்டும் உரக்கவும் மற்றதை மெதுவாகவும் ஒலிக்கச் செய்ய முடியாது. காற்று எல்லாவற்றுக்கும் பொது. பியானோ இதற்கு நேர் எதிர். கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளித் துணி ஒட்டிய சுத்தியல் ஒன்று கம்பியை அடித்துவிட்டுத் திரும்பிவிடும். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு ஓங்கி என்பது ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி. 1700 வாக்கில் ஃப்ளாரன்சில் பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி செய்த இந்தக் கருவிக்கு 'மெதுவாகவும் உரக்கவும்' என்ற பொருளில் பெயர் வந்ததே அதனால்தான். ஆனால் அடித்த மறுகணமே சத்தம் தேய ஆரம்பித்துவிடும். தேய்வதைத் தடுக்க முடியாது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்க முடியாது, கமகம் கிடையவே கிடையாது. யோசித்துப் பார்த்தால் அது வீணையைவிடத் தாளக்கருவிக்குத்தான் பக்கம்.

அதனால்தான் அது நம்மூர் சங்கீதத்துக்குள் நுழையவில்லை. வயலின் நுழைந்தது. பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார், அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் கோட்டை பேண்டு வாத்தியத்தைக் கேட்டு நோட்டுஸ்வர சாகித்யங்கள் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜா வாழ்த்தின் மெட்டுதான். ஆக, மேற்கத்திய இசையின் மேல் நமக்கு ஒவ்வாமை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வயலினில் விரல் வழுக்கும், பியானோவில் வழுக்காது. கணக்கு அவ்வளவுதான். கட்டை உள்ள கருவி ராகத்தைக் கெடுக்கும் என்ற வாதம் இருபதாம் நூற்றாண்டில் முற்றியது. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது. 1971-இல்தான் அதைத் தளர்த்தினார்கள். இன்னொரு பக்கம், சுருதி சொல்லும்போது 'ஒரு கட்டை', 'அஞ்சு கட்டை' என்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியக் கட்டைதான். தடை போட்ட கருவியின் பெயரால்தான் சுருதி சொல்லிக்கொண்டிருந்தோம்.

சரி, பாட வராத கருவியைப் பாட வைப்பதில் ஒரு நூற்றாண்டே செலவாயிற்று. தோராயமாக 1810 முதல் 1900 வரையான அந்தக் காலத்தைத்தான் ரொமாண்டிக் காலம் என்கிறார்கள். (காதலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. தனிமனிதனின் உணர்ச்சி, இரவு, காடு, பேய்க்கதை, சொந்த ஊர் ஏக்கம் இதெல்லாம்தான் சரக்கு.) தச்சுப்பட்டறையில் பாதி வேலை நடந்தது. 1821-இல் பாரிஸில் செபாஸ்தியன் எரார் செய்த பொறியமைப்பால், கட்டை முழுதாக மேலே வருவதற்குள்ளேயே அதே சுரத்தை மறுபடி அடிக்க முடிந்தது. மரச்சட்டத்துக்குப் பதில் வார்ப்பிரும்புச் சட்டம் வந்ததும் கம்பிகளை இன்னும் முறுக்க முடிந்தது. இன்றைய பெரிய பியானோவில் இருநூற்றுச் சொச்சம் கம்பி, எல்லாம் சேர்ந்து இழுக்கிற விசை ஏறக்குறைய இருபது டன். அழகாக மெழுகு போட்ட மரப்பெட்டிக்குள் இது நடந்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

மீதிப் பாதி காலடியில். வலது பெடலை மிதித்தால் கம்பிகளை அமர்த்திப் பிடித்திருக்கும் தக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விலகும். விரல் எடுத்த பிறகும் சுரம் ஒலிக்கும். அடிக்காத கம்பிகளும் கூடச் சேர்ந்து அதிரும். ஷோப்பானின் ஒன்பதாவது ஓபஸ், இரண்டாவது நாக்டர்ன் உங்களுக்குக் கட்டாயம் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். அதில் இடது கை அடியில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, எட்டாத தூரத்தில் உள்ள இரண்டு கூட்டுச்சுரங்களுக்குத் தாவும். ஒரு கையால் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. கால்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே வலது கை ஒரு இத்தாலிய ஓபரா பாடகியைப் போலப் பாடுகிறது. ஷோப்பானுக்கு ஓபரா என்றால் உயிர். நல்ல பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வாராம். ஒவ்வொரு தடவை பல்லவி திரும்பும்போதும் ஒரு சங்கதி கூடும், பிருகா மாதிரிப் பொடிச் சுரங்கள் விழும். சங்கதி கேட்டுப் பழகிய நமக்கு அதைப் பிடிக்க அரைநிமிடம் போதும்.

தாள விஷயத்திலும் நமக்கு ஒரு கதவு திறந்தேதான் இருக்கிறது. ரொமாண்டிக் பியானோவில் வேகம் கூடும், குறையும், சில இடத்தில் நின்றே போய்விடும். ருபாட்டோ என்பார்கள். தாளம் போட்டுக் கேட்கிறவருக்கு எரிச்சல் வரும். ஆனால் ஷோப்பான் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையில், இடது கை காலப்பிரமாணத்தைக் காக்க வேண்டும். வலது கை தன்னிஷ்டத்துக்கு முன்னே போகலாம், பின்னே தங்கலாம். மிருதங்கம் ஆதி தாளத்தில் அசையாமல் நிற்க, பாடகர் வார்த்தையை இழுத்துத் தள்ளிப் போட்டுச் சரியாக சமத்தில் வந்து சேர்வதைக் கேட்டிருக்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். இரண்டு ஆளின் வேலையை ஒரே மூளை செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உண்மையிலேயே நமக்கு அந்நியமானது ஒன்று உண்டு. தம்புரா. அதாவது, தம்புரா இல்லாமை. நமக்கு ஸட்ஜமம் அசையாது. கச்சேரி முழுக்க அதே தரை. இவர்களுக்குத் தரையே நகரும். இதை விளக்க நான் எப்போதும் எடுப்பது ஷோப்பானின் இருபத்தெட்டாவது ஓபஸில் நாலாவது பிரெலூட். இரண்டு நிமிடம் வாக்கில்தான் இருக்கும். நம் கணக்கில் மூணு கட்டை சுருதி. வலது கை செய்வது ரொம்பச் சின்ன வேலை: பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு சுத்த தைவதத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது. ப, த, ப, த. ஆரம்பத்தில் வேறொன்றும் இல்லை. ஆனால் இடது கையில் கூட்டுச்சுரங்கள் அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கின்றன. மேலே அதே பஞ்சமம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதன் முகம் மாறுகிறது. ஆற்று மணலில் நிற்கும்போது தண்ணீர் காலடி மணலை அரித்துக்கொண்டு போகுமே, நாம் அசையாமலே சாய்வோமே, அந்த மாதிரி. மனுஷன் 1849-இல் இறந்தபோது பாரிஸில் அவருடைய இறுதிச் சடங்கில் ஆர்கனில் இதை வாசித்தார்கள். முழுக் கச்சேரி வேண்டாம், இந்த ஒரு உருப்படியை மூன்று தடவை கேளுங்கள்: முதலில் வலது கையை மட்டும், அடுத்து இடது கையை மட்டும், கடைசியில் இரண்டையும்.

தனி ஆள் கச்சேரி என்ற ஏற்பாட்டையே கண்டுபிடித்தவர் என்று ஹங்கேரிக்காரர் ஃபிரான்ஸ் லிஸ்டைச் சொல்கிறார்கள். அதற்கு முன் கச்சேரி என்றால் கதம்பம்: ஒரு ஓபரா பாட்டு, கொஞ்சம் வாத்தியக்குழு, நடுவில் பியானோ, அப்புறம் ஒரு வயலின். 1839-இல் ரோமில் லிஸ்ட் மற்ற எல்லாரையும் நீக்கிவிட்டுத் தானே முழுக்க வாசித்தார். அடுத்த வருஷம் ஜூனில் லண்டனில் அதற்கு 'ரிசைட்டல்' என்று விளம்பரம் செய்தார்கள். பியானோவில் எப்படி ஐயா 'ஒப்பிப்பது' என்று லண்டன்காரர்கள் சிரித்தார்களாம். அடுத்த ஏழெட்டு வருஷத்தில் ஐரோப்பா முழுக்க ஆயிரத்துக்கும் குறையாத கச்சேரி. பெண்கள் அவர் பிடித்துப்போட்ட சுருட்டுத் துண்டைப் பொறுக்கி வைத்துக்கொண்டார்கள். கவிஞர் ஹைனே 1844-இல் இந்தப் பைத்தியத்துக்கு 'லிஸ்டோமேனியா' என்று பெயரே வைத்தார். தியாகராஜ பாகவதர் கதைகள் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. முப்பத்தைந்து வயதில், 1847-இல், பணத்துக்கு வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

ஆக, இன்று ஏதோ ஆதிகாலச் சடங்கு போலத் தோன்றுகிற அந்த இருட்டு அரங்கம், நடுவில் ஒற்றைப் பியானோ, இருமக்கூட யோசிக்கிற கூட்டம் எல்லாம் ஒரு காலத்தில் ஒரு ஆள் செய்த புதுமை. நம் கச்சேரி பத்ததியும் அப்படித்தானே. வர்ணத்தில் ஆரம்பித்து, கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, துக்கடா, மங்களம் என்ற வரிசை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்தில் நிலைபெற்றதுதான். பியானோக் கச்சேரியிலும் இதே மாதிரி ஒரு ஓட்டம் உண்டு: முன்பாதியில் விரலும் காதும் சூடாக ஷூபர்ட்டோ ஷூமானோ, இடைவேளைக்குப் பின் கனமான உருப்படி, லிஸ்டின் பி மைனர் சொனாட்டா மாதிரி அரைமணி நேரம் நிறுத்தாமல் போவது, கைதட்டல் ஓயாவிட்டால் கடைசியில் துக்கடா. லிஸ்ட் காலத்தில் இவ்வளவு பயபக்தி கிடையாது. உருப்படிகளுக்கு நடுவே அவர் இறங்கி வந்து கூட்டத்தோடு பேசுவாராம். அந்த வழக்கம் போனதில் எனக்கு வருத்தம்தான்.

லிஸ்டுக்குக் கிடைத்த புகழில் மறைந்துபோகிறவர் கிளாரா ஷூமான். ஒன்பது வயதில் மேடை ஏறி, எட்டுப் பிள்ளைகள் பெற்று, கணவர் ராபர்ட் ஷூமான் மனநோய் விடுதியில் இறந்த பிறகும் வாசித்துச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அறுபது வருஷத்துக்கும் மேற்பட்ட மேடை வாழ்க்கை. தாள் பார்க்காமல் மனப்பாடமாக வாசிக்கும் வழக்கம் நிலைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு. அவர் அப்படி வாசித்தபோது திமிர் என்று திட்டியவர்களும் இருந்தார்கள். இன்றைக்குத் தாள் வைத்து வாசித்தால்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்! ஷோப்பான் இருவருக்கும் எதிர்த்துருவம்: ஆயுள் முழுக்கப் பொதுமேடையில் ஏறியது முப்பது தடவை போலத்தான். வீட்டுக் கூடத்தில், பத்திருபது பேருக்கு, மெதுவாக வாசிக்கவே விரும்பினார். என் கட்சி ஷோப்பான் கட்சி. நல்ல ஹெட்போனும் மலையின் இரவு அமைதியும் இருந்தால், பெரிய அரங்கத்தைவிட அவருக்கு அதுதான் பொருத்தம் என்பேன்.

பிள்ளைகளிடம் எடுபட்டது ஷோப்பான் இல்லை, ஷூபர்ட். 'எர்ல்கோனிக்' என்ற பாட்டு. கதேயின் கவிதைக்குப் பதினெட்டு வயதில், 1815-இல் மெட்டுப் போட்டது. லிஸ்ட் பிறகு இதைத் தனிப் பியானோவுக்கு மாற்றினார். ஷூபர்ட்டின் பாடல்களில் மட்டும் ஐம்பதுக்கும் மேல் இப்படி மாற்றியிருக்கிறார். கதையை முதலில் சொன்னேன். நடு ராத்திரி, காற்று. அப்பா உடம்பு சரியில்லாத பிள்ளையை அணைத்துக்கொண்டு குதிரையில் விரைகிறார். பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் ஒரு பேயரசன் தெரிகிறான். வா, விளையாடலாம் என்று இனிக்க இனிக்கக் கூப்பிடுகிறான். அப்பா, அது வெறும் பனி, காய்ந்த இலைச் சத்தம் என்கிறார். வீடு வந்து சேரும்போது பிள்ளை உயிரோடு இல்லை.

அப்புறம் பதிவைப் போட்டு, யார் பேசுகிறார்கள் என்று மட்டும் கண்டுபிடிக்கச் சொன்னேன். விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிற அந்த ஒற்றைச் சுரம் குதிரை என்று உடனே சொல்லிவிட்டார்கள். அப்பா கீழ் ஸ்தாயியில். பேய் வரும்போது சத்தம் திடீரென்று மெலிந்து, சுரம் இனிமையாக மாறிவிடும். நல்லவன் மாதிரிப் பேசுகிற இடம் அதுதான். பிள்ளை 'அப்பா' என்று அலறுவது ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே ஏறும். கதை சொல்கிறவரோடு சேர்த்து நாலு குரல், ஒரு குதிரை, எல்லாம் பத்து விரலில். கூத்து பார்த்த பிள்ளைகளுக்கு இது புரியாமல் எப்படிப் போகும்? கடைசியில் குதிரைச் சத்தம் நிற்கிறது. பாட்டு பாதிப் பேச்சாகிவிடுகிறது. இரண்டே இரண்டு கூட்டுச்சுரம், முடிந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் கேட்டான்: "சார், அந்த ஊருக்கும் ரோடு இல்லியா?"

காய்ச்சல் கண்ட பிள்ளையை ராத்திரியில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்குவது இங்கே சில ஊர்களுக்குக் கதை இல்லை. இந்த இசை பணக்கார ஊர்க்காரர்களுடையது, நமக்கு ஒட்டாது என்று இனிமேல் யாராவது என்னிடம் சொன்னால், இந்தக் கேள்வியைத்தான் பதிலாகச் சொல்வேன்.

கேட்பது வரை சரி. வாசிக்க ஆசைப்பட்டால்தான் சிக்கல். 'பாட்டு எப்ப' என்று கேட்ட அதே பொண்ணு இப்போது நாலாவது பிரெலூடை வாசிக்க வேண்டும் என்கிறாள். யாரோ கொடுத்த 61 கட்டை கீபோர்டு ஒன்று இருக்கிறது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். பெடல் கிடையாது. சினிமாப் பாட்டு மெட்டுக்கு அது போதும். இதற்குப் போதாது: இடது கை மெலிந்து மெலிந்து இறங்குவதுதான் அந்த உருப்படியே, அந்தப் பெட்டியில் மெலிவு என்பதே இல்லை. மேலே சொன்ன ஆர்மோனியக் குறை அப்படியே திரும்ப வருகிறது. சுத்தியல் கனம் உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோ புதிதாக வாங்கினால் நாற்பதாயிரம் வாக்கில் ஆகும். நிஜப் பியானோ பேச்சே வேண்டாம். விலையை விடுங்கள், இந்த மலைப் பனிக்கு ஒலிப்பலகை ஊதும், கம்பளியைப் பூச்சி அரிக்கும், சுருதி சேர்க்கிற ஆள் சென்னையிலிருந்து வர வேண்டும்.

சென்னையில் வழி இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் 1842-இல் மிஸ்க்வித் என்ற பெயரில் ஆரம்பித்த கடைதான் இன்றைய மியூசி மியூசிக்கல். ஏ. ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. லண்டன் டிரினிட்டி கிரேடு பரீட்சை எழுதலாம். இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரில் எழுதித் தங்கப்பதக்கம் வாங்கியது அந்த டிரினிட்டியில்தான். அவரும் தேனிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆர்மோனியத்தோடு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றவர்தான். ஆனால் வெள்ளிமலையிலிருந்து பார்த்தால் இதெல்லாம் ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் இருக்கிறது.

இப்போதைக்கு நாங்கள் செய்கிற ஏற்பாடு இது. கீபோர்டில் இடது கை கூட்டுச்சுரங்களை மட்டும் அவள் வாசிக்கிறாள், மொத்தச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் திருகைத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து மெல்லத் திருப்புகிறான். ப, த, ப, த-வை நான் வாயால் பாடுகிறேன். மூணு கட்டை எனக்குக் கொஞ்சம் மேலே. பழைய 88 கட்டை டிஜிட்டல் பியானோ, பெடலோடு, விற்பனைக்கு வந்தால் பார்த்து வைக்கும்படி சேலத்திலும் விழுப்புரத்திலும் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.